லூக்கா திருநாளும் ஒரே பாத்திரமும்: லுத்தரன் திருவிருந்தில் சாதி நுழைந்த வரலாறு

அக்டோபர் 18 நற்செய்தியாளர் லூக்காவின் திருநாள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன்கள் ஆகிய மூன்று மரபினரின் நாள்காட்டிகளிலும் இந்நாள் இடம்பெற்றுள்ளது. லுத்தரன் மரபில் அன்று பலிபீடத்திற்குச் சிவப்பு விரிப்பு அணிவிக்கப்படும். லூக்கா எழுதியதாக மரபு கூறும் சுவிசேஷத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். சபையார் பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டு அப்பமும் திராட்சரசமும் பெறுவர்.

ஒரு சமயத்தின் உள்விவகாரமாகத் தோன்றும் இதைப் பற்றி இங்கே எழுதக் காரணம் உண்டு. இந்திய லுத்தரன்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகளும் ஆதிவாசிகளும் ஆவர். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபை முதன்முதலில் வேரூன்றிய இடம் தமிழகத்தின் தரங்கம்பாடி. அது லுத்தரன் சபையாகவே வேரூன்றியது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை பற்றிப் பேசும் நாம், திருவிருந்துப் பாத்திரத்தின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். லூக்கா திருநாளின் வழிபாடு எவ்வாறு அமைந்தது, அதற்குள் சாதி எந்த வாதத்தின் துணையோடு இடம்பிடித்தது, அதே மரபின் எந்த ஆவணம் அவ்வாதத்தை மறுக்கிறது ஆகியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

நாள்காட்டியில் நற்செய்தியாளர் நால்வர்

மேற்கத்திய மரபில் நான்கு நற்செய்தியாளர்க்கும் தனித்தனி நாள்கள் உள்ளன. மாற்குவுக்கு ஏப்ரல் 25, மத்தேயுவுக்குச் செப்டம்பர் 21, லூக்காவுக்கு அக்டோபர் 18, யோவானுக்கு டிசம்பர் 27. மாற்கும் லூக்காவும் இயேசுவின் பன்னிரு சீடருள் இடம்பெறாதவர்கள். எழுதியதன் பொருட்டே நினைவுகூரப்படுபவர்கள்.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் புனிதர் விழாக்களைப் பெரிதும் குறைத்தது. எனினும் லுத்தரன்கள் அனைத்தையும் நீக்கிவிடவில்லை. 1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கை, லுத்தரன்களின் அடிப்படை ஆவணமாகும். அதன் 21ஆம் பிரிவு, புனிதர்களை நினைவுகூரலாம், அவர்களது விசுவாசத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாம், ஆயின் அவர்களிடம் மன்றாடலாகாது என வரையறுக்கிறது. 24ஆம் பிரிவு, திருப்பலியைத் தாங்கள் ஒழித்துவிட்டதாகக் கூறப்படும் குற்றச்சாட்டை மறுத்து, விழா நாள்களில் திருவிருந்து வழங்கப்படுவதையும் விரும்புவோர் அதைப் பெறுவதையும் எடுத்துரைக்கிறது. ஆகவே ஒரு நற்செய்தியாளரின் திருநாளில் திருவிருந்து நடத்துவது லுத்தரன் மரபின் தொடக்கக் கால ஒழுங்கோடு ஒத்ததே.

லூக்காவின் வாழ்க்கையைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகக் குறைவு. கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அவரை மருத்துவர் என்கிறது. அவர் யூதரல்லாத பின்னணியினர் என்று மரபு கருதுகிறது. சுவிசேஷத்திற்குள் ஆசிரியர் தம் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டு முதலே அந்நூல் அவர் பெயரால் வழங்குகிறது. அப்போஸ்தலர் நடபடிகளும் அவருடையதே என்பது மரபு. ஆலயக் கண்ணாடி ஓவியங்களிலும் பழைய வேதாகமப் படங்களிலும் அவருக்குரிய அடையாளம் சிறகுடைய காளை. எந்த விலங்கின் தோலையும் இறைச்சியையும் காரணம் காட்டி நம் மக்கள் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கப்பட்டார்களோ, அந்த விலங்கே நற்செய்தியாளரின் சின்னமாகப் பலிபீடத்தருகே நிற்கிறது.

வழிபாட்டின் ஒழுங்கு

லுத்தர் 1523இல் இலத்தீன் வழிபாட்டு முறையைத் திருத்தி வெளியிட்டார். 1526இல் ஜெர்மன் மொழியில் ஒரு வழிபாட்டு முறையைத் தந்தார். மக்கள் தம் தாய்மொழியில் கேட்டுப் பாடி விளங்கிக்கொள்வதே அதன் நோக்கம். நாடுதோறும் சிற்சில மாற்றங்கள் இருப்பினும் லுத்தரன் வழிபாட்டின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே.

முதலில் பொது அறிக்கை. சபையார் அனைவரும் தங்களைப் பாவிகள் என அறிக்கையிட, குரு மன்னிப்பை அறிவிப்பார். இந்த அறிக்கையில் பிறப்பினால் தூயவர் என எவர்க்கும் விலக்கு இல்லை. பின்னர் இரக்கம் வேண்டும் பாடலும் தேவதூதரின் புகழ்ச்சிப் பாடலும் வரும். அடுத்து அந்நாளுக்குரிய சிறு ஜெபம், வேத வாசகங்கள், விசுவாசப் பிரமாணம், அருளுரை, காணிக்கை, மன்றாட்டு. இதன்பின் திருவிருந்துப் பகுதி தொடங்கும். உள்ளங்களை மேலே உயர்த்தும்படி குரு அழைப்பார். மும்முறை தூயவர் எனும் பாடல் ஒலிக்கும். இயேசு அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து வழங்கியதைக் கூறும் சொற்கள் ஓதப்படும். கர்த்தருடைய ஜெபம், தேவ ஆட்டுக்குட்டியை விளித்துப் பாடும் பாடல் ஆகியவற்றோடு சபையார் முன்வந்து பெறுவர். நன்றி ஜெபத்தோடும் ஆசீர்வாதத்தோடும் வழிபாடு நிறைவுறும்.

இந்த ஒழுங்கில் லூக்காவின் பங்கு எத்தகையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேவதூதரின் புகழ்ச்சிப் பாடல் லூக்கா இரண்டாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அது முதலில் பாடப்பட்டது இரவில் ஆடு காத்த கூலியாள்களுக்கு. திருவிருந்துக்குப் பின் லுத்தரன்கள் பாடும் முதியவர் சிமியோனின் பாடலும் அதே அதிகாரத்தைச் சேர்ந்தது. திருவிருந்தை ஏற்படுத்திய சொற்களில், தம் நினைவாக இதைச் செய்யுமாறு இயேசு கட்டளையிடுவது நான்கு சுவிசேஷங்களுள் லூக்காவில் மட்டுமே காணப்படுகிறது. பவுலின் நிருபத்திலும் அது உண்டு. மாலை வழிபாட்டில் பாடப்படும் மரியாளின் பாடலும் லூக்காவுக்கே உரியது. அதிகாரத்தில் இருப்போர் இறக்கப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவடைவதையும் பேசும் அப்பாடலுக்கு லுத்தர் 1521இல் தனி விரிவுரை எழுதினார். லூக்காவின் சொற்கள் இல்லாத லுத்தரன் திருவிருந்து வழிபாட்டைக் கற்பனை செய்வதே கடினம்.

அந்நாளின் வாசகம்: வைத்ததை உண்ணுங்கள்

லூக்கா திருநாளுக்குப் பழமையான மேற்கத்திய மரபு ஒதுக்கியுள்ள சுவிசேஷப் பகுதி பத்தாம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்கள். லுத்தரன் சபைகள் பலவற்றில் இதுவே இன்றும் வாசிக்கப்படுகிறது. வேறு சில சபைகள், நூலின் முன்னுரையையும் இறுதிப் பகுதியையும் இணைத்து வாசிக்கின்றன.

பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்புகிறார். பணப்பையும் பாதரட்சையும் எடுத்துச் செல்லக் கூடாது. ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்க வேண்டும். வீடு விட்டு வீடு மாறக் கூடாது. அங்கே கொடுப்பதை உண்டு குடிக்க வேண்டும். நோயாளிகளைக் குணமாக்க வேண்டும். மருத்துவர் என அறியப்படும் லூக்காவின் நாளுக்கு இப்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டதில் வியப்பில்லை. அருளுரைகளும் பெரும்பாலும் குணமாக்குதலைப் பற்றியே அமைகின்றன.

சாதியச் சமூகத்தில் வாழும் நாம் இவ்வாசகத்தின் நடுப்பகுதியில் நின்று பார்க்க வேண்டும். முன்னே வைப்பதை உண்ண வேண்டும் என்ற கட்டளை ஒரே பகுதியில் இருமுறை வருகிறது. யார் சமைத்தது, எந்தக் கலத்தில் சமைத்தது, எந்தத் தெருவில் உள்ள வீடு என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. உணவைப் பெறுபவரே விருந்தாளி. கொடுக்கும் வீட்டார் அவரைத் தாங்குகிறார்கள். லூக்காவின் நூல் முழுவதும் இந்தப் பந்தி தொடர்கிறது. பதினான்காம் அதிகாரத்தில் முதன்மை இருக்கையைத் தேடுவோர் கண்டிக்கப்படுகின்றனர். ஏழைகளும் உடல் ஊனமுற்றோரும் தெருக்களில் இருந்து விருந்துக்கு அழைத்துவரப்படுகின்றனர். பதினாறாம் அதிகாரத்தில் செல்வனின் வாசலில் கிடந்த லாசருவுக்குப் பெயர் உண்டு, செல்வனுக்குப் பெயர் இல்லை. இருபத்துநான்காம் அதிகாரத்தில், வழியில் உடன் நடந்த அந்நியரை எம்மாவூரில் அப்பம் பிட்கும்போதே சீடர் அறிந்துகொள்கின்றனர்.

பாத்திரத்திற்காக நடந்த போராட்டம்

லுத்தரன் மரபில் பாத்திரம் ஒரு சடங்குப் பொருள் என்ற அளவில் நிற்பதில்லை. அது பொதுமக்களின் உரிமையாகப் போராடிப் பெறப்பட்டது. இடைக்கால ஐரோப்பாவில் குருவானவர் மட்டுமே பாத்திரத்தில் அருந்தினார். மக்களுக்கு அப்பம் மட்டும் தரப்பட்டது. 1415 ஜூன் மாதம் கான்ஸ்டன்ஸ் சங்கம் இதைச் சட்டமாக்கியது. அடுத்த மாதம் அதே நகரில் செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். பாத்திரம் அனைவர்க்கும் வேண்டும் என்ற கோரிக்கையை அவரைப் பின்பற்றியோர் தங்கள் கொடியிலேயே பொறித்துக்கொண்டனர்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1521 செப்டம்பர் 29 அன்று விட்டன்பர்க்கில் மெலாங்க்தன் தம் மாணவர்களோடு அப்பம், இரசம் இரண்டையும் பெற்றார். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 22ஆம் பிரிவு இருவகைத் திருவிருந்தைக் கிறிஸ்துவின் தெளிவான கட்டளை என நிலைநாட்டியது. எல்லோரும் பருகுமாறு கூறப்பட்டபோது, பாத்திரத்தை ஒரு வகுப்பாருக்கு மட்டும் உரியதாக்க எவர்க்கும் அதிகாரமில்லை என்பதே அதன் உட்பொருள்.

இதனோடு மற்றொரு கருத்தும் சேர்கிறது. அப்பமும் இரசமும் வெறும் நினைவுச் சின்னங்கள் என்ற சுவிங்கிலியின் கருத்தை லுத்தர் 1529இல் மார்பர்க் உரையாடலில் உறுதியாக மறுத்தார். கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அவற்றில் மெய்யாகவே தரப்படுகின்றன என்பது லுத்தரன் போதனை. இப்போதனையை ஏற்றுக்கொண்ட ஒருவர், மற்றொருவரின் உதடு பட்ட பாத்திரத்தைத் தீட்டு எனக் கருதினால், அவர் தீட்டு என்று சொல்வது எதை என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்வி தமிழ் மண்ணில் ஏட்டளவில் நிற்கவில்லை.

தரங்கம்பாடியில் பாத்திரம் யார் கையில்

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சாவும் டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1707இல் முதல் ஆலயம் எழுந்தது. இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டது. சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டில், நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் முதலில் அச்சேறின. 1715இல் முழு நூலும் நிறைவுற்றது. லூக்காவின் இரு நூல்களும் தமிழில் அச்செழுத்தாகத் தெருவுக்கு வந்தது அவ்வாறே.

அந்த நூலின் படி ஒன்று இராஜநாயக்கன் என்பவரின் கைக்குக் கிட்டியது. 1700ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த அவர் பறையர், தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர், கத்தோலிக்கக் குடும்பத்தினர். சுவிசேஷங்களும் நடபடிகளும் அடங்கிய அந்தத் தரங்கம்பாடிப் பதிப்பைப் படித்தே அவர் லுத்தரன் சபையை நாடினார். 1728 முதல் உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியெங்கும் பணியாற்றினார். டேனியர் ஆட்சி எல்லைக்கு வெளியே, ஐரோப்பிய மிஷனரிகள் எளிதில் செல்ல முடியாத தஞ்சை நாட்டில் சபைகளைக் கட்டியெழுப்பியதில் அவர் பங்கு முதன்மையானது. 1771இல் இறக்கும் வரை அப்பணி தொடர்ந்தது.

1733இல் முதல் இந்தியக் குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. இராஜநாயக்கனின் தகுதியை மிஷனரிகள் அறிந்திருந்தனர். ஆயினும் குருப்பட்டம் வெள்ளாளரான ஆரோனுக்கு அளிக்கப்பட்டது. ஒரு பறையரின் கையிலிருந்து திருவிருந்து பெற வெள்ளாளச் சபையார் தயங்குவர் என்பதே முடிவைத் தீர்மானித்தது. ஆரோனும் உழைப்பாளியே; அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் இந்நிகழ்வின் பொருளை நாம் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். இராஜநாயக்கன் சுவிசேஷத்தை வாசிக்கலாம், விளக்கலாம், அதற்காக அடியும் வசையும் ஏற்கலாம். பாத்திரத்தைத் தூக்கி வழங்க மட்டும் அவரால் இயலாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும் அவர் உபதேசியாராகவே மறைந்தார்.

பாத்திரத்தை வழங்குவதில் இருந்த தடை, அதைப் பெறுவதிலும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் வெள்ளாளரும் பறையரும் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனி இடங்களில் அமர்ந்தனர். திருவிருந்துக்கு வெள்ளாளர் முன்னே சென்றனர், பறையர் பின்னே சென்றனர். ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்தினாலும் வரிசையை முன்பின் ஆக்கிவிட்டால் அதுவே இரு பாத்திரங்களின் வேலையைச் செய்துவிடும். முதலில் பருகியவர் மீது எவருடைய எச்சிலும் படாது. பின்னால் வருபவருக்கு அத்தகைய தேர்வு இல்லை.

எதிர்ப்பும் ஆதரவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு கேள்விக்குள்ளானது. அப்போது தஞ்சை, வேப்பேரிச் சபைகள் ஆங்கிலிக்க நிர்வாகத்தின் கீழ் வந்திருந்தன. சமமாக அமர வேண்டும் என இளைய மிஷனரிகள் வற்புறுத்தியபோது, தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1829இல் சாதி வேறுபாட்டிற்கு ஆதரவாக நூல் எழுதினார். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியராகப் போற்றப்படும் அவரது வரலாற்றில் இதுவும் ஒரு பகுதி. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடப்பட வேண்டும் எனச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளர் பலர் வெளியேறினர். அவர்களுள் கணிசமானோர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் அடைக்கலம் புகுந்தனர்.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியைத் துறக்காதவர் சபையில் சேரலாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. லைப்சிக் மிஷன் அதில் இணையவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரையிலான தம் பயணத்தில் தமிழகத்தை நேரில் ஆராய்ந்தவர். திருக்குறளை ஜெர்மனிலும் இலத்தீனிலும் மொழிபெயர்த்தவர். பிறப்பால் உயிர்கள் ஒன்றே எனக் கூறும் அந்நூலை நன்கு அறிந்திருந்தும், சாதியைச் சமயம் சாராத சமூக அமைப்பாகவே அவர் கண்டார். அதைக் கட்டாயத்தால் உடைக்கக் கூடாது, சுவிசேஷத்தின் தாக்கத்தால் அது மெல்லத் தளரும் என்பது அவரது வாதம். மேலைநாட்டுப் பழக்கங்களைத் தமிழர் மீது திணிக்கக் கூடாது என்ற அவரது அக்கறை நேர்மையானதே. அந்த அக்கறைக்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

மிஷனுக்குள்ளேயே அந்தக் கேள்வியை எழுப்பியவர் கார்ல் ஓக்ஸ். சாதியைப் பொறுத்துக்கொள்வதை ஏற்க மறுத்து அவர் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணியைத் தொடங்க, டேனிஷ் மிஷனரி சங்கம் அவருக்குத் துணை நின்றது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அப்பணியிலிருந்து வளர்ந்தது. லைப்சிக் வழிவந்த சபைகள் 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருவாயின. ஒரே விசுவாச அறிக்கையை ஏற்கும் இரு திருச்சபைகள் தமிழகத்தில் தனித்தனியே இருப்பதன் வேர்களில் ஒன்று சாதி பற்றிய இந்த முரண்பாடு.

கட்டளையும் இல்லை, தடையும் இல்லை

கிரவுலின் வாதத்திற்குப் பின்னணியாக ஒரு லுத்தரன் கோட்பாடு நிற்கிறது. வேதம் கட்டளையிடாததும் தடை செய்யாததுமான வழக்கங்கள் சபையின் சுதந்திரத்திற்கு உரியவை என்பது அது. கிரேக்க மொழியில் அதியாஃபொரா எனப்படும் இவ்வகைப் பொருள்களை நாம் விருப்புரிமை வழக்கங்கள் எனலாம். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 15ஆம் பிரிவு, பாவமின்றிக் கைக்கொள்ளத்தக்க மனித ஒழுங்குகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது திருநாள்களையும் விழாக்களையும்தான்.

லூக்கா திருநாளை லுத்தரன்கள் தக்கவைத்துக்கொண்டதும் இக்கோட்பாட்டின் வழியே. அக்டோபர் 18ஐக் கொண்டாட வேண்டும் என வேதம் சொல்லவில்லை. கொண்டாடக் கூடாது என்றும் சொல்லவில்லை. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, தரங்கம்பாடியில் யார் எங்கே அமர்வது, யார் முதலில் பருகுவது என்பனவும் இதே வகைக்குள் சேர்க்கப்பட்டன. பலிபீட விரிப்பின் நிறத்தோடு ஒரு மனிதரின் மாண்பும் ஒரே தட்டில் வைக்கப்பட்டது.

அந்தத் தட்டிலிருந்து அதை எடுக்கும் வழியையும் லுத்தரன் ஆவணங்களே தருகின்றன. 1548இல் பேரரசர் பழைய சடங்குகள் பலவற்றை லுத்தரன் நாடுகளில் மீண்டும் திணித்தபோது, அவை விருப்புரிமை வழக்கங்களே, ஏற்பதில் தவறில்லை என்றனர் சிலர். மத்தியாஸ் ஃபிளாசியஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட வேண்டிய தருணத்தில், எளியோர்க்கு இடறலாகும்போது, எந்த வழக்கமும் நடுநிலையாக இருக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 1577இல் உருவான இசைவு உடன்படிக்கையின் பத்தாம் பிரிவு அதையே திருச்சபையின் போதனையாக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கோட்பாடு மீண்டும் எடுத்தாளப்பட்டது. 1977இல் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலகச் சம்மேளனம், தென்னாப்பிரிக்க நிறவெறி விசுவாசத்தையே பாதிக்கும் விவகாரம் என அறிவித்தது. நிறத்தின் பேரால் திருவிருந்தைப் பிரிப்பதை அரசியல் கருத்து வேறுபாடு என ஒதுக்க முடியாது என்பது அதன் பொருள். 1984இல் புடாபெஸ்டில் கூடிய பேரவை, நிறவெறியைக் கைவிடாத இரு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. 2009 மார்ச்சில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் இணைந்து பாங்காக்கில் தலித் நீதிக்கான உலக மாநாட்டை நடத்தின. நிறத்தின் பேரால் பிரிந்த பந்தி விசுவாச மறுப்பு எனில், பிறப்பின் பேரால் பிரிந்த பந்தியை வேறெந்தப் பெயரால் அழைப்பது? தார் எஸ் சலாமின் தர்க்கத்தை ஏற்றுக்கொண்ட எந்த லுத்தரன் திருச்சபையும் இந்தியாவில் அதைப் பாதியில் நிறுத்த முடியாது.

தமிழகத்திலேயே இறையியல் பதிலும் பிறந்திருக்கிறது. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கான துறையை வழிநடத்தினார். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியரும் பறையிசையை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தவருமான தியாபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்பதையே திருவிருந்தின் பொருளாக விளக்கினார். சடங்கின் பாத்திரத்தை ஊரின் அடுப்போடு இணைத்தது அவரது பங்களிப்பு. பீடத்தருகே ஒன்றாகப் பருகிவிட்டு, வீட்டு வாசலில் தனிக் குவளை நீட்டுவோருக்கு அது விடுத்த சவால் இன்னும் நிற்கிறது.

சட்டத்தின் முன் இந்த வரலாறு

1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் ஆணை, அதன் மூன்றாம் பத்தியின் வழியே பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது எனக் காட்டினால் மட்டும் போதாது, அதனால் விளையும் ஒடுக்குமுறை புதிய சமயச் சூழலிலும் அதே கடுமையோடு நீடிப்பதைக் காட்ட வேண்டும் என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது.

இங்கே தலித் கிறிஸ்தவர் இரு பக்கமும் நெருக்கப்படுகின்றனர். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை எனக் கூறி அரசு உரிமையை மறுக்கிறது. அதே வாக்கியத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து பெருமையோடு கூறித் திருச்சபை தன் வரலாற்றை மூடி மறைக்கிறது. இரண்டிலும் இழப்பவர் ஒருவரே. போதனையில் சாதி இல்லை என்பதும் நடைமுறையில் சாதி இருந்தது, இருக்கிறது என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் ஆகமாட்டா. தரங்கம்பாடித் திருவிருந்தின் வரலாறு சபையின் மானத்தைக் குலைக்கும் இரகசியம் எனச் சிலர் அஞ்சுகின்றனர். நீதிமன்றம் கேட்ட சான்று அந்த வரலாற்றில்தான் இருக்கிறது என்பதை நாம் அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

அக்டோபர் 18 அன்று கவனிக்க வேண்டியவை

லூக்கா திருநாளைக் கொண்டாடும் சபையார் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் சில உள்ளன. அவற்றுக்கு இறையியல் பட்டம் தேவையில்லை. கண் திறந்திருந்தால் போதும்.

ஆலயத்தில் குடும்பங்கள் வழக்கமாக அமரும் இடங்கள் தெருவாரியாகப் பிரிந்திருக்கின்றனவா? திருவிருந்துக்கு முதலில் எழுபவர்கள் ஆண்டுதோறும் அதே குடும்பத்தினரா? பாத்திரத்தை ஏந்தி உதவும் பொறுப்பு யாருக்குத் தரப்படுகிறது? சிறு தனிக் கிண்ணங்கள் பயன்படுத்தப்படுகின்றன எனில், அவை வந்ததற்குச் சுகாதாரம் மட்டுமே காரணமா? தனிக் கிண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் நோய்த்தொற்று அச்சத்தால் பரவியது. அதைக் குற்றமெனச் சொல்ல முடியாது. எச்சில் தீட்டு எனும் எண்ணம் நிலவும் ஊரில் அதே கிண்ணம் வேறு வேலையையும் செய்யக்கூடும் என்பதால் கேட்கிறோம். இறுதியாக, திருவிருந்து பெற்ற கைகள் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றனவா?

அன்று வாசிக்கப்படும் பத்தாம் அதிகாரத்தில், அனுப்பப்பட்ட எழுபது பேரில் எவர் பெயரையும் லூக்கா குறிப்பிடவில்லை. ஊர் ஊராய் நடந்த இராஜநாயக்கனின் பெயர் நமக்குத் தெரியும். அவர் படித்த நூலின் ஆசிரியருக்குரிய நாளில், அவருக்கு மறுக்கப்பட்ட பாத்திரத்தைக் கையில் ஏந்தும் தலித் குருமார்கள் இன்று இருக்கிறார்கள். அந்த வழிபாட்டின் மன்றாட்டில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி சபைகளைக் கேட்டுக்கொள்கிறோம். எதற்காக அவருக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது என்ற காரணத்தையும் அன்றே சபையார்க்குக் கூற வேண்டும்.